பாட்டைத் தந்தவர்களுக்கும் ஒரு செபம்

(வானொலியில் ஒலிபரப்பான நவம்பர் மாத மறையுரை, பங்கு மக்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



நவம்பர் மாதம் நம் இறந்தோரின் மாதம். 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா, இளம் வயதிலேயே போய்விட்ட பிள்ளை என்று பெயர்களை ஒரு தாளில் எழுதிக் குருவானவரிடம் கொடுக்கிறோம். பீடத்தில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும்போது நம் வீட்டுப் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம். பெயர் வந்ததும் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல்.

அதே நாளில், குருவானவர் கல்லறைகள்மீது தீர்த்தம் தெளித்து வரும் நேரத்தில், பாடகர் குழு ஒரு பாட்டைத் தொடங்குகிறது. அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் அந்தப் பாட்டில்தான் உடைகிறது. அந்தக் கண்ணீரைத் துடைப்பதும் அதே பாட்டுதான். அதை எழுதியவர் யார்? மெட்டு அமைத்தவர் யார்? அவர் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இறந்திருந்தால், அவருக்காக அந்தத் தாளில் யாராவது ஒரு பெயர் எழுதினார்களா? இந்தக் கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

விவிலியத்திலே சீராக்கின் ஞானம் என்னும் நூல் 44-ஆம் அதிகாரத்தில் நம் மூதாதையரைப் புகழ அழைக்கிறது. அங்கே ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. அரசர்கள், அறிவுரை சொன்னவர்கள், இறைவாக்கு உரைத்தவர்கள். அந்தப் பெரியோர் வரிசையில் இசை அமைத்தவர்களுக்கும் பாட்டுக் கட்டியவர்களுக்கும் ஞானி இடம் கொடுக்கிறார். பிறகு ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்கிறார்: இவர்களில் சிலருடைய பெயர் நிலைத்தது, சிலரோ பிறக்காதவர்களைப் போல, நினைவுகூர ஆளின்றி மறைந்துபோனார்கள். ஆனாலும் அவர்கள் இரக்கமுள்ளவர்கள், அவர்கள் செய்த நன்மை மறக்கப்படாது என்கிறார். பெயர் மறந்தாலும் நன்மை நிற்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

பனியனும் பாட்டும்

இந்தச் சொற்கள் திருப்பூரிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். ஒரு பனியன் எத்தனை கைகளைக் கடந்து வெளியே போகிறது! நூல் வருகிறது, நிட்டிங் ஓடுகிறது, சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் அடிப்பவர், பேட்லாக் அடிப்பவர், கைமடித்துக் கொடுக்கும் பெண், பிசிறு வெட்டுபவர், செக்கிங், அயர்ன், பேக்கிங். கடைசியில் கழுத்துப் பட்டையில் ஒரு லேபிள் ஏறுகிறது. அதில் வாங்கியவரின் பெயர் இருக்கும். தைத்தவரின் பெயர் இருக்காது. கடல் கடந்த ஓர் ஊரில் அதை உடுத்திக் கதகதப்பாக உறங்கும் குழந்தைக்கு, ஒன்றரை ஷிப்ட் நின்று அதைத் தைத்த அக்காவின் பெயர் தெரியாது.

பாட்டும் அப்படித்தான் நம்மிடம் வருகிறது. உடுத்திக்கொள்கிறோம், கதகதப்பாக இருக்கிறது. தைத்த கை யாருடையது என்று தெரிவதில்லை. ஆகவே சில கைகளை இன்று அறிந்துகொள்வோம். வீரமாமுனிவரின் பெயரைப் பள்ளிப் பாடநூல் நமக்குத் தந்துவிட்டது. மற்றவர்களைப் பார்ப்போம்.

இரண்டு வேதநாயகர்கள்

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டில் வேதநாயகம் என்ற பெயரில் இருவர் உண்டு. பலர் இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்புவதுண்டு. மூத்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். இளையவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நம் கத்தோலிக்கத் திரு அவையின் மகன்.

சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அதே சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் இருந்தவர். சாஸ்திரியார் குறவஞ்சி என்ற தமிழ் நாடக வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி குறி சொல்லும் பழைய மேடையில் மீட்பின் செய்தியை ஏற்றினார். கதையும் பாட்டுமாகச் செய்யும் காலட்சேபத்தை அவருடைய வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள். 1864-ல், ஏறத்தாழ தொண்ணூறு வயதில், அவர் இறந்தார்.

அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1820-களின் இறுதியில், ஆலயத்திற்குள் சாதி வேற்றுமை கூடாது என்று புதிய தலைமுறை மிஷனரிகள் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை என்ற பழக்கத்தின் பக்கம் நின்றார். இது அவர் பாடிய நற்செய்திக்குப் பொருந்தாத நிலை. ஆனால் அவருடைய பாட்டு அவரைக் கடந்து நடந்தது. அவர் பிரித்து வைக்க விரும்பிய வரிசைகளில் எல்லாரும், யார் எந்த வரிசை என்று கேளாமல், இன்று அவர் பாட்டைப் பாடுகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? பாட்டுத் தந்தவர்களை நினைவுகூர்வது என்றால் அவர்களைக் குறையற்றவர்களாக்கிச் சுருபம் வைப்பது என்று பொருளல்ல. நம் திரு அவை இறந்தோருக்காகச் செபிப்பதே, மனிதர் எவரும் முழுமையாகத் தூய்மையடைந்து இந்த உலகைவிட்டுப் போவது அரிது என்று அறிந்திருப்பதால்தான். இறைவனின் இரக்கம் தேவைப்படுகிறவர்களுக்காகவே செபிக்கிறோம். அந்த வரிசையில் நாமும் ஒருநாள் நிற்போம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ல் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்தார். தமிழின் முதல் நாவல் என்று மாணவர்கள் படிக்கும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவர் எழுதியது, 1879-ல் வெளிவந்தது. சட்டமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருந்ததால் எளிய மக்கள் படும் பாட்டைப் பார்த்து, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவரும் அவரே.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை ஒரு கொடிய பஞ்சம் பிடித்தது. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்தார்கள். வேதநாயகம் பிள்ளை தம் செல்வத்தை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார், கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அதே வட்டாரத்தில் வாழ்ந்தவர். சிவபக்தரான அவர், இந்தக் கத்தோலிக்க முன்சீப்பின் கொடையைக் கண்டு அவர்மீது ஒரு கீர்த்தனையே பாடினார்.

அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1878-ல், வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளிவந்தன. எந்தச் சமயத்தாரும் கூச்சமின்றிப் பாடும்படி, கடவுளைப் பொதுவாக அழைத்துப் பாடியவை அவை. கடவுளைத் துதிப்பதோடு நிற்காமல், பஞ்சத்தின் துயரையும் லஞ்சம் வாங்கும் அதிகாரிகளின் ஒழுக்கத்தையும் அவற்றில் பாடினார். கர்நாடக இசை மேடைகளில் அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன. கேட்பவர்களில் பலருக்கு அவற்றைப் பாடியவர் ஒரு கத்தோலிக்கர் என்பது தெரியாது. பகலெல்லாம் வழக்குக் கேட்டவர், ஊரே பசியில் கிடந்த காலத்தில் தம் களஞ்சியத்தைத் திறந்தவர், அந்த வாழ்க்கையிலிருந்தே பாட்டுக் கட்டினார். 1889-ல் இறந்தார்.

மருந்து விற்ற பணத்தில் இசை

மூன்றாமவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். நம்மில் பலருக்குச் சொந்த ஊரான திண்டுக்கல்லில்தான் அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பிடில் கற்றதும் அங்கேதான். பின்பு தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்து, சித்த மருத்துவராகப் பேர் பெற்றார். மருந்தில் சம்பாதித்ததை அவர் இசையில் போட்டார். 1912 முதல் தஞ்சாவூரில் தம் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டினார். பழந்தமிழ் இசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்து, ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற நூலை 1917-ல் வெளியிட்டார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் ஆராய்ச்சியை முன்வைத்தபோது, அதை இசைத்துக் காட்டியவர்கள் அவருடைய மகள்கள். பெண்கள் மேடையேறிப் பாடுவதை ஊர் வேறு கண்ணால் பார்த்த காலம் அது. அவர் கட்டிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இன்றும் பல ஆலயங்களில் பாடப்படுகின்றன. 1919-ல் அவர் இறந்தார்.

நீதிபதி, மருத்துவர், ஆசிரியர். பாட்டு இவர்களில் பலருக்குப் பிழைப்பு அல்ல. பிழைப்பு ஒருபுறம் நடக்க, பாட்டு மறுபுறம் பிறந்தது. நம்மிடையே பகலில் செக்கிங் பார்த்து, இரவில் பாடகர் குழுவோடு பயிற்சிக்கு வரும் தம்பி தங்கையர் இதை நினைவில் கொள்ளலாம்.

ஒரு மில் தொழிலாளியின் பாட்டு

இனிக் கொஞ்ச நேரம் வெகு தொலைவிலுள்ள ஒரு மில்லுக்குப் போவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கன்ட்ரி என்று அழைக்கப்படும் நாட்டுப்புற இசையும், காஸ்பல் என்று அழைக்கப்படும் நற்செய்திப் பாடல்களும் வளர்ந்தன. அவற்றை இசைத்தட்டில் முதன்முதல் பாடியவர்களில் பலர் பருத்தி மில் தொழிலாளிகள். பஞ்சு பறக்கும் கூடத்தில் தறி ஓட்டியவர்கள், நூல் சுற்றியவர்கள்.

அவர்களில் ஒருவர் டார்சி டிக்சன். 1897-ல் தெற்குக் கரோலினாவில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டில் பிறந்தார். 12 வயதில் தாமும் மில்லுக்குள் போனார். அவருடைய சகோதரி நான்சி இன்னும் சிறிய வயதிலேயே மில் வேலைக்குப் போனவர். டார்சியும் தம்பி ஹோவர்டும் 1936 முதல் 1938 வரை இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். நெசவுக்கூடத்தின் களைப்பைப் பாடினார்கள். மில்லில் வேலை செய்த பச்சிளம் பிள்ளைகளைப் பற்றியும் டார்சி ஒரு பாட்டுக் கட்டினார்.

ஒரு சாலை விபத்தைப் பற்றியும் அவர் பாடினார். கார் நொறுங்கிக் கிடக்கிறது, ஆட்கள் அடிபட்டுக் கிடக்கிறார்கள். ஆனால் செபிக்கும் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பதே அந்தப் பாட்டின் வேதனை. அவிநாசி சாலையிலும் தாராபுரம் சாலையிலும் போய்வரும் நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கூட்டம் கூடும், கைப்பேசியில் படம் பிடிக்கும். விழுந்து கிடப்பவருக்காக ஓர் 'அருள்நிறை மரியே' சொல்ல எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

1942-ல் ராய் அகஃப் என்ற புகழ்பெற்ற பாடகர் அந்தப் பாட்டை வேறு தலைப்பில் பாடினார். அது நாடெங்கும் பரவியது. ஆனால் அதைக் கட்டிய மில் தொழிலாளியின் பெயர் அதோடு போகவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உடன்பாட்டின் மூலம்தான் டிக்சனுக்கு உரிமையும் அதற்குரிய பங்கும் கிடைத்தன. வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் மில்லிலேயே கழித்தார். முதுமையில்தான் நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ந்த சிலர் அவரைத் தேடிப் பிடித்து, மறுபடி பாடவைத்துப் பதிவு செய்தார்கள். 1968-ல் இறந்தார். செபிக்க ஒருவரும் இல்லையே என்று வருந்திப் பாடியவருக்காகச் செபித்தவர்கள் எத்தனை பேரோ!

அதே நாட்டில் அதே தலைமுறையில், தாமஸ் டார்சி என்ற கறுப்பின இசைக்கலைஞர் வாழ்ந்தார். களியாட்டக் கூடங்களில் பியானோ வாசித்துப் பேர் பெற்று, பின்பு ஆலயப் பாட்டின் பக்கம் திரும்பியவர். 1932-ல் அவர் வேறோர் ஊரில் செபக்கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். வீடு திரும்பினார்; பிறந்த குழந்தையும் இறந்துபோனது. இனிக் கடவுளுக்குப் பாடுவதா என்று மனம் கசந்து கிடந்தவர், சில நாள் கழித்து ஒரு பியானோவின் முன் உட்கார்ந்தார். ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று மன்றாடும் பாட்டு அப்போது பிறந்தது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அவருடைய அடக்கச் சடங்கில் மகேலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாட்டைத்தான். ஒரு வீட்டின் துக்கத்தில் பிறந்தது, ஒரு மக்களினத்தின் துக்கத்தைத் தாங்கியது.

அகுஸ்தினார் எழுப்பிய பெயர்

அன்புக்குரியவர்களே, பாட்டோடு பாட்டுத் தந்தவரையும் நினைப்பது நம் திரு அவையில் புதிய வழக்கம் அல்ல. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோசியார் தம் மக்களுக்காகப் பாட்டுகள் எழுதினார். அரச குடும்பத்தின் நெருக்கடியால் மக்கள் ஆலயத்துக்குள்ளேயே இரவும் பகலும் காவல் இருந்த நாட்களில், சோர்ந்து போகாதபடி அவர்களைப் பாடவைத்தார். அந்தக் கூட்டத்தில் புனித மோனிக்காவும் இருந்தார்.

பின்பு மோனிக்கா இறந்தபோது, மகன் அகுஸ்தினார் அடக்கம் முடியும்வரை அழாமல் கல்லாக நின்றார். அன்று உறங்கி விழித்தபோது, படுக்கையில் தனியாக இருக்கையில், அம்புரோசியாரின் பாட்டு ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. துயரம் இளகியது. தாய்க்காக அழுதார். தம் ஒப்புதல் நூலில் இதை எழுதும்போது, பாட்டை மட்டும் சொல்லாமல் அதைத் தந்த அம்புரோசியாரின் பெயரையும் கடவுளிடம் எடுத்துச் சொல்கிறார். தாயின் நினைவும் பாட்டுத் தந்தவரின் நினைவும் ஒரே செபத்தில் சேர்ந்தன.

நாம் செய்யக் கூடியவை

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. ஒவ்வொரு மக்களின் இசை மரபையும் மதித்து வழிபாட்டில் அதற்கு இடம் தர வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. அதன்பின் தமிழில் திருப்பலிப் பாடல்கள் பெருகின. குருக்கள், அருள்சகோதரிகள், வேதியர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பலர் எழுதினார்கள், மெட்டமைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தில் பாட்டின் எண் இருக்கும். பல பாடல்களுக்கு எழுதியவர் பெயர் இருக்காது.

இந்த நவம்பரில் மூன்று சிறிய காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, பாடகர் குழுவினர் தாங்கள் அடிக்கடி பாடும் பத்துப் பாடல்களை எடுத்து, யார் எழுதியது, யார் மெட்டு என்று மூத்தவர்களிடம் விசாரித்து, கிடைத்த பெயரைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கலாம். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி தொடங்குமுன் அந்த ஒருவரைப் பற்றி இரண்டு வரி சொல்லலாம்.

இரண்டாவது, இறந்தோர் பெயர் எழுதும் தாளில் உங்கள் வீட்டுப் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: நமக்குப் பாட்டுத் தந்து இறந்த எல்லாருக்காகவும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆண்டவருக்குத் தெரியும்.

மூன்றாவது, உயிரோடு இருப்பவர்களைக் கேளுங்கள். பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்த பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்களில், ஊரில் ஆர்மோனியம் வாசித்தவர் இருக்கலாம். தவக்காலத்தில் ஒப்பாரி பாடிய பாட்டி இருக்கலாம். அவர் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்; பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் சகோதர சகோதரிகள் தங்கள் மொழியில் பாடும்போது, இது யார் கட்டிய பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியில் அவர்களுடைய ஊரும் ஆலயமும் தாய்தந்தையும் நம் முன் வந்து நிற்பார்கள்.

சீடர்கள் தாங்கள் செய்த பெரிய காரியங்களை மகிழ்ந்து சொன்னபோது, அதைவிட உங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்னும் கருத்தில் இயேசு பேசியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். பெயரில்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. கழுத்துப் பட்டையில் நம் பெயர் ஏறாமல் போகலாம். பாட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர் அச்சேறாமல் போகலாம். எழுத வேண்டிய இடத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. விண்ணகம் நினைவில் வைத்திருக்கும் பெயர்களை, முடிந்தவரை மண்ணகத்திலும் சொல்வது நம் கடமை. அது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி.

செபிப்போம்.

அன்பின் இறைவா, எங்கள் துயர நாளில் எங்கள் வாயில் பாட்டை வைத்தவர்களை உம்மிடம் ஒப்படைக்கிறோம். பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் உமது இரக்கத்தில் ஏற்றுக்கொள்ளும். அவர்களுடைய குறைகளை மன்னித்து, அவர்கள் பாடிய ஒளியை அவர்கள் கண்ணாரக் காணச் செய்யும். பெயரில்லாமல் உழைக்கும் எங்கள் ஒவ்வொருவரையும் நீர் பெயர் சொல்லி அழைக்கிறீர் என்ற நம்பிக்கையில் எங்களை நிலைக்கச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.